கழுவெளி ஏரியும் நமது பொழுதுபோக்கும்

விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணத்தை அடுத்து விரிந்து கிடப்பது கழுவெளி ஏரி. மேல்சித்தாமூர் திருமடம் அமைந்த மாவட்டமாதலின் இப்பகுதி நம் குடும்பத்தார் பலருக்கும் அறிமுகமானதே. தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இதுவாகும். மனிதர் வெட்டிய ஏரியன்று; இயற்கை வகுத்த நீர்நிலை. 2021-ஆம் ஆண்டு இதன் 5,151.60 ஹெக்டேர் பரப்பு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. 2024-இல் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது.

ஒருபுறம் கழிமுகத்தின் வழியே கடல்நீர் ஏறுகிறது. மறுபுறம் மழைக்காலத்து நன்னீர் வந்து சேர்கிறது. இவ்விரண்டும் கலக்குமிடத்தில் மீனினங்கள் பெருகுகின்றன. அவற்றையும் சிற்றுயிர்களையும் நாடிப் பறவைகள் வருகின்றன. பூநாரை தன் வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி இரையை வடித்து உண்ணும். சுற்றுவட்டாரத்தின் நிலத்தடி நீருக்கும் இவ்வேரியே ஊற்று. ஆயினும் இங்குள்ள கண்டல் மரக்காடு பெரிதும் சிதைந்து, சில திட்டுகளாகவே எஞ்சியுள்ளது.

நாம் வேட்டையாடுவதில்லை, எனவே நம்மால் தீங்கில்லை என்று எண்ணுதல் இயல்பே. ஆனால் உண்மை என்ன? குளிர்காலத்தில் வரும் வலசைப் பறவை, உண்ட இரையைக் கொழுப்பாக உடலில் சேர்த்தால்தான் திரும்பும் நெடும்பயணத்தைத் தாங்கும். படம் எடுப்பதற்காகக் கைதட்டிப் பறக்கவிட்டால், இரையுண்ணும் நேரமும் சேர்த்த வலிமையும் ஒருங்கே வீணாகும். தரையில் முட்டையிட்ட பறவை அஞ்சி எழுந்தால், முட்டைகள் வெயிலில் கெடும். அன்றிக் காகம் கவரும்.

இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் ஒன்று அநர்த்த தண்ட விரதம். பயனின்றி நிலத்தைக் கிளறுதல், நீரைக் கலக்குதல், செடிகொடிகளைக் கிள்ளுதல், வீணே திரிதல் ஆகியவற்றைப் பிரமாதசரியை என வகுத்து இவ்விரதம் விலக்குகிறது. கொல்லும் எண்ணம் இல்லாவிடினும் கவனமின்மையே குற்றமாகும் என்பது இதன் கருத்து. உல்லாசப் பயணங்களில் நேரும் தீங்குகள் பெரும்பாலும் இவ்வகையினவே.

ஆகவே நாம் மேற்கொள்ளத்தக்கவை:

1. வகுத்த பாதையிலேயே நடத்தல், கூடுகளை நெருங்காமை.
2. ஒலிபெருக்கி, பட்டாசு, உரத்த கூச்சல் ஆகியவற்றைத் தவிர்த்தல்.
3. தின்பண்டங்களை நீரிலோ கரையிலோ இறையாமை.
4. பாலித்தீன் உறைகளை வீட்டுக்கே திருப்பி எடுத்து வருதல்.
5. தொலைநோக்கி கொண்டு தொலைவிலிருந்தே காணுதல்.

இவற்றைச் சிறுவர்க்குப் பயணம் புறப்படும் முன்னரே சொல்லி வைப்போமாக. அமைதியாக அமர்ந்திருப்பார் அருகே பறவைகள் தாமே வந்து மேய்வதுண்டு. அக்காட்சியினும் இனிய பொழுதுபோக்கு வேறில்லை.