உச்சியில் கல் ஓய்வெடுக்குமா?

காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீட்டு வளவில் உட்கார்ந்து, பிளஸ் ஒன் பையன்கள் இருவருக்கு இயக்கவியல் சொல்லிக்கொண்டிருந்தேன். முற்றத்துக்கு மேலே மாடி வராந்தா. "அங்கிருந்து ஒரு பந்தைக் கைவிடுகிறோம். அதே நொடியில் கீழேயிருந்து இன்னொன்றை, மாடியைத் தொட்டுத் திரும்பும் அளவு வேகத்தில் எறிகிறோம். எங்கே சந்திக்கும்?"

"நட்டநடுவுல சார்!"

எல்லாரும் இப்படித்தான் நம்புகிறார்கள். கணக்கு வேறு சொல்கிறது. மாடி உயரம் 5 மீட்டர், புவியீர்ப்பு முடுக்கம் ஜி 10 என்று வைத்துக்கொள்வோம் (காரைக்குடியில் 9.78தான்; தேர்வுக்கு 10 போதும்). எறியும் வேகம் நொடிக்கு 10 மீட்டர். புவியீர்ப்பு இரண்டு பந்தையும் ஒரே மாதிரி இழுப்பதால், ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது மாறாத வேகத்தில் வருகிறது. இடைவெளி 5, நெருங்கும் வேகம் 10. அரை நொடியில் முட்டிக்கொள்ளும். அதற்குள் மேல் பந்து 1.25 மீட்டர்தான் இறங்கியிருக்கும். கீழ்ப் பந்து 3.75 மீட்டர் ஏறியிருக்கும். ஒன்று ஓய்விலிருந்து கிளம்புகிறது, மற்றது முழு வேகத்தோடு. பிறகு நடு எங்கே வரும்?

பையன்கள் மதிப்பெண்ணை விடும் இடம் இன்னொன்று. ஏறும்போது ஜி மைனஸ், இறங்கும்போது ப்ளஸ் என்று பாதி வழியில் குறியை மாற்றுவார்கள். மேல்நோக்கியது ப்ளஸ் என்று முடிவு செய்துவிட்டால், இரண்டு பந்துக்கும் கடைசி வரை ஜி மைனஸ்தான்.

உச்சியில் கல் நிற்கிறது, அப்போது முடுக்கம் பூஜ்யம் என்பதும் பொய். வேகம்தான் பூஜ்யம். முடுக்கமும் பூஜ்யமானால் கல் அங்கேயே தொங்கும். கல்லாங்காய் ஆடும் அப்பத்தா கையை நீட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்!

கனமானது முந்தும் என்ற கதை நீளமானது. அது பொய் என்று 1971-இல் அப்பல்லோ 15-இன் டேவிட் ஸ்காட் நிலவில் சுத்தியலையும் இறகையும் ஒன்றாகப் போட்டு எல்லாருக்கும் காட்டிவிட்டார். காற்றில்லாத இடம், இரண்டும் சேர்ந்தே விழுந்தன.

கிணற்றில் அரை நொடி இடைவெளியில் இரண்டு கல்லைப் போட்டால், இடைவெளி மாறாது என்பார்கள். தண்ணீர் 5 மீட்டர் ஆழத்தில் இருந்தால், இரண்டாவதைப் போடும்போது 1.25 மீட்டராக இருந்த இடைவெளி, முதல் கல் தண்ணீரைத் தொடும்போது 3.75. ஆனால் காதைக் கொடுத்துக் கேட்டால், ‘டுபுக்’ இரண்டும் அரை நொடி தள்ளியே கேட்கும்.