வஞ்சகரை இனங்காண்பது எப்படி? வியாபாரிகளுக்கு ஒரு பாடம்



வியாபாரத்தில் பிறரை ஏமாற்றலாகாது என்று மிம்பரிலும் மேடையிலும் பலமுறை கேட்டிருக்கிறோம். நாம் ஏமாறாதிருப்பதும் மார்க்கம் கற்பிக்கும் பாடமே. அதனை இவ்விதழில் சற்று ஆராய்வோம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலைக் கண்டார்கள். மேலே தானியம் நன்கு உலர்ந்திருந்தது. அவர்கள் கையை உள்ளே விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. நனைந்ததை மறைத்து வைத்த வியாபாரியைக் கண்டித்து, ஏமாற்றுவோரைத் தம் கூட்டத்தில் சேர்க்க மறுத்தார்கள். இதில் விற்பவனுக்குரிய பாடம் நமக்குத் தெரியும். வாங்குபவனுக்குரிய பாடமும் உண்டு. மேற்புறம் அழகாயிருக்கிறதென்று நம்பிவிடாமல், கையை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும் என்பதே அது.

வஞ்சகன் இதைத்தான் தடுக்கப் பார்க்கிறான். நமக்குப் பார்க்க நேரமும் கேட்க ஆளும் இல்லாமற் செய்வதே அவன் தொழில். அவன் வரும் வழிகள் இரண்டு.

முதல் வழி: பயமுறுத்தல்

மலேசியாவில் மக்காவ் மோசடி என்று வழங்குவது இவ்வகை. கடையில் கூட்டமாயிருக்கும் வேளையில் டெலிபோன் மணி அடிக்கிறது. பேசுபவன் வருமான வரி அலுவலகம் என்பான். அல்லது தபால் நிலையம் என்பான். உங்கள் பெயரில் வரி பாக்கி என்றோ, பார்சலில் போதைப்பொருள் அகப்பட்டதென்றோ சொல்வான். பின்பு "போலீஸ் அதிகாரி" ஒருவனிடம் இணைப்புப் போகும். அவன் கைது வாரண்டு தயாராயிருப்பதாக அதட்டுவான். அடுத்து மூன்று கட்டளைகள் வரும்: டெலிபோனை வைக்காதே, வீட்டாரிடம் கூடச் சொல்லாதே, பணத்தை உடனே நாங்கள் சொல்லும் "பாதுகாப்பான" கணக்குக்கு மாற்று.

இம்மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். முதலாவது யோசிக்கும் நேரத்தைப் பறிக்கிறது. இரண்டாவது மஷூராவைத் தடுக்கிறது. இவ்விரண்டும் போன பிறகே மூன்றாவதாகப் பணம் போகிறது. நம் அடையாள அட்டை எண்ணை அவன் சரியாகச் சொன்னால் மலைக்க வேண்டாம். அந்த எண்ணை நாம் எத்தனை பாரங்களில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்! கைப்பேசியில் தெரியும் எண்ணையும் பொய்யாகக் காட்ட முடியும். உண்மையான போலீசாரோ, நீதிமன்றமோ, பேங்க் நெகாராவோ டெலிபோனில் பேசிப் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றச் சொல்வதில்லை.

இரண்டாம் வழி: நம்மவன் என்னும் வேடம்

பயத்தால் பறிப்பவனைவிட, நம்பிக்கையால் பறிப்பவனை அறிவது கடினம். இதற்குப் பெங்களூரில் நடந்தது பெரும் படிப்பினை.

2006 ஆம் ஆண்டு முகமது மன்சூர் கான் என்பவர் அங்கே ஐ.எம்.ஏ. என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். வட்டிக்கு அஞ்சிப் பேங்கை ஒதுக்கியிருந்த முஸ்லிம் குடும்பங்களிடம், இது வட்டியன்று, ஹலாலான லாபப் பங்கு என்று சொல்லிப் பணம் திரட்டப்பட்டது. மாதந்தோறும் பணம் வந்தது. ஆலிம்கள் சிலரும் ஆதரித்தனர். 2019 ஜூனில் அவர் துபாய்க்குப் போய்விட்டார், பணமும் நின்றது. ஜூலை 19 இல் டில்லி விமான நிலையத்தில் கைதானார். பல்லாயிரவர் புகார் கொடுத்தனர். வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குச் சென்றது.

இங்கே யாரும் யாரிடமும் சொல்லாதே என்று தடுக்கவில்லை. எல்லோரும் எல்லோரிடமும் கேட்டார்கள். ஆனால் பதில் சொன்னவர் பலர் தாமும் பணம் போட்டவர்கள். மாதப் பணம் கைக்கு வருவதையே சான்றாகக் காட்டினார்கள். ஆகவே மஷூரா செய்தால் மட்டும் போதாது. யாரிடம் செய்கிறோம் என்பதும் முக்கியம். ஹலாலா ஹராமா என்பதை ஆலிமிடம் கேட்கலாம். கணக்கு மெய்யா பொய்யா என்பதைக் கணக்கு அறிந்தவரிடம், அதில் ஆதாயம் இல்லாதவரிடம் கேட்க வேண்டும்.

கேட்கவேண்டிய கேள்விகளை வியாபாரிகளாகிய நமக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சரக்கு என்ன? வாங்குபவர் யார்? ஐந்தொகையைத் தணிக்கை செய்தவர் யார்? நஷ்டம் எந்த மாதத்தில் வந்தது? முளாரபாவில் முதல் போட்டவர் நஷ்டத்தையும் ஏற்க வேண்டும். நம் மலையில் முட்டைக்கோசின் விலை கூட ஒரே நிலையில் நிற்பதில்லை. மாதம் தவறாமல் லாபம், நஷ்டமே இல்லை என்று ஒருவர் சொன்னால், அங்கே வியாபாரம் நடக்கிறதா என்பதையே முதலில் கேட்க வேண்டும். மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக் கணக்குக் காட்ட மறுப்பவர் மார்க்கத்தையே திரையாக்குகிறார்.

கடையில் கைக்கொள்ள வேண்டியவை

1. பயமுறுத்தும் அழைப்பு வந்தால் டெலிபோனை வைத்துவிடுங்கள். அந்த அலுவலகத்தின் எண்ணை நீங்களே தேடி அழையுங்கள். வந்த செய்தியைத் தீர விசாரிக்குமாறு அல் ஹுஜுராத் அத்தியாயம் 6 ஆம் வசனம் கட்டளையிடுகிறது.

2. பணம் அனுப்பியதாகக் கைப்பேசியில் படம் காட்டினால், உங்கள் கணக்கில் பணம் சேர்ந்ததைப் பார்த்த பின்னரே சரக்கைக் கொடுங்கள்.

3. பேங்குக் கணக்கையும் அட்டையையும் எவருக்கும் இரவல் தரலாகாது. கூலிக்குக் கணக்கைக் கொடுப்பதைக் "கழுதைக் கணக்கு" என்பர். 2024 இல் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டு இது தனிக் குற்றமாயிற்று. கடைப் பையன்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

4. கடனோ கூட்டோ, எழுத்தும் சாட்சியும் வேண்டும். அல் பகரா 282 ஆம் வசனம் இதையே வற்புறுத்துகிறது. உறவினரிடம் எழுதி வாங்குவது அவமரியாதை ஆகாது.

5. பணம் போய்விட்டால் உடனே 997 ஐ அழையுங்கள். மோசடிப் புகார்களுக்காக 2022 இல் ஏற்பட்ட தேசிய மையத்தின் எண் இது. பேங்குக்கும் தெரிவித்து, போலீசில் புகார் எழுதிக் கொடுங்கள். தாமதித்தால் பணம் கணக்குவிட்டுக் கணக்கு மாறிவிடும்.

இன்னொரு கடமையும் நமக்குண்டு. தானா ராத்தா கடைத்தெருவைத் தாங்கி நிற்போரில் தோட்டத்து மக்களும் உண்டு. ஒரு முதியவர் பதற்றத்தோடு வந்து, பல நூறு வெள்ளிக்கு ரீலோட் எண்கள் கேட்கலாம். வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவர் முன்பின் அறியாத கணக்குக்குப் பணம் அனுப்பித் தரச் சொல்லலாம். விற்பனை ஆயிற்றென்று கல்லாவைத் திறந்துவிடாமல், "யார் கேட்டார்கள்? எதற்காக?" என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள். அந்த ஒரு கேள்வி அவருடைய பல மாதச் சம்பளத்தைக் காப்பாற்றக்கூடும்.

ஏமாந்தவரைப் பரிகசிக்கவும் வேண்டாம். பரிகாசத்துக்கு அஞ்சியே பலர் வாய் திறப்பதில்லை. அந்த மௌனம் வஞ்சகனுக்கு அடுத்த வீட்டின் கதவைத் திறந்து விடுகிறது. ஏமாந்தவர் துணிந்து சொன்னால் பத்துக் கடைகள் தப்பும்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் உழைப்பையும் அமானிதத்தையும் காத்து, நம் வியாபாரத்தில் பரக்கத் அருள்வானாக. ஆமீன்.