லவுஞ்சில் தட்டை எடுக்கும் முன்

விமான நிலைய லவுஞ்சுக்குள் நுழைந்ததும் தட்டைத் தூக்காதீர்கள். முதலில் வெறுங்கையோடு ஒரு சுற்று. பூரியும் கட்லெட்டும் முன்வரிசையில் பளபளக்கும். இட்லி, வெள்ளரி, தயிரெல்லாம் பெரும்பாலும் கடைசி மூலையில்தான்.

மூடியைத் திறந்து பாருங்கள். ஆவி முகத்தில் அடித்தால் எடுக்கலாம். மேலே ஏடு படிந்து, ஓரம் காய்ந்திருந்தால், குருமா வெகுநேரமாக அங்கேயே கிடக்கிறது என்று அர்த்தம். நறுக்கி வைத்த பப்பாளியைவிட உரிக்காத வாழைப்பழம் மேல். சில இடங்களில் கேட்டால் ஆம்லெட்டை அப்போதே போட்டுத் தருவார்கள், வெட்கப்படாமல் கேளுங்கள்.

சுண்டல் சத்தானதுதான், ஆனால் இன்று வேண்டாம். பறக்கும்போது கேபின் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்துக்குச் சமம். கிட்டத்தட்ட ஊட்டியில் உட்கார்ந்திருப்பது போல. வயிற்று வாயு விரியும். ராஜ்மா, சோடா வகையறாவுக்கும் இதே கதைதான். பக்கத்து சீட்டுக்காரரையும் நினைத்துப் பாருங்கள்!

கேபின் காற்று வறண்டது. ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. அதனால் ஊறுகாய், அப்பளத்தைக் குறைத்து, மோர் இருந்தால் ஒரு தம்ளர் குடிக்கலாம். காலி பாட்டிலைப் பாதுகாப்புச் சோதனைக்கு அப்புறம் நிரப்பிக்கொள்ளுங்கள்.

கார்டைத் தேய்த்து 2 ரூபாயில் உள்ளே வந்தாச்சே என்று குலாப் ஜாமூனை மூன்றாவது முறை போட்டுக்கொள்பவர்களுக்கு என்னிடம் குறிப்பு எதுவும் இல்லை.