முதல் கார் வழக்கு எடுத்திருக்கும் தம்பிக்கு



புது வண்டி வழக்கு ஒன்று கைக்கு வந்திருக்கிறது, கோளாறு தீராத புது வண்டிகளுக்கான அமெரிக்க ‘லெமன்’ சட்டங்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். படியுங்கள், கெடுதல் இல்லை. 1982-ல் கனெக்டிகட் மாநிலம் கொண்டுவந்த சட்டம் கணக்கு வைத்துப் பேசுகிறது. ஒரே கோளாறுக்கு நாலு தடவை பழுது பார்த்தும் சரியாகவில்லை, அல்லது வண்டி மொத்தம் 30 நாள் ஒர்க்‌ஷாப்பிலேயே கிடந்தது என்றால், கம்பெனிக்குப் போதிய வாய்ப்பு கொடுத்தாயிற்று என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். நமக்கு அப்படி ஓர் எண் இல்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் குறைபாடு என்றால் என்ன என்று விளக்கம் உண்டு; உற்பத்தியாளர் பொறுப்புக்குத் தனி அத்தியாயமே உண்டு. எத்தனை தடவை என்பது மட்டும் எங்கும் இல்லை. அந்தக் கணக்கை நீங்கள்தான் நுகர்வோர் ஆணையத்தின் முன் போட்டுக் காட்ட வேண்டும். அதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே சரக்கு, வண்டியைப் பழுதுக்கு விடும்போதெல்லாம் சர்வீஸ் சென்டரில் எழுதும் ஜாப் கார்டு.

கட்சிக்காரர் கதை சொல்ல ஆரம்பித்தால் முடியாது. முதலில் ஜாப் கார்டுகளைத் தேதிவாரியாக மேசைமேல் பரப்பச் சொல்லுங்கள். ‘கஸ்டமர் வாய்ஸ்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அவர் கவுன்டரில் சொன்னது: “நாலாவது கியரில் போகும்போது இன்ஜின் நின்றுபோகிறது, ஸ்டியரிங் இறுகிவிடுகிறது.” சர்வீஸ் அட்வைசர் எழுதியது: “பிக்-அப் குறைவு, ஜெனரல் செக்-அப்.” ரெண்டு வருஷம் கழித்து ஆணையத்தில் வாசிக்கப்படுவது இரண்டாவது வாக்கியம்தான். அடுத்து, வண்டி உள்ளே போன தேதி, வெளியே வந்த தேதி, இரண்டிலும் ஓடோமீட்டர் எண். கடைசியில் கையெழுத்து. ‘வேலை திருப்திகரம்’ என்று பொடி எழுத்தில் அச்சடித்த வரிக்குக் கீழே, ஆபீசுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் போட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் நீட்டப்போவது அந்தக் காகிதத்தைத்தான்.

நடந்ததை மாற்ற முடியாது. அடுத்த முறை வண்டியை விடும்போது, தான் சொன்னதைச் சொன்னபடியே கார்டில் எழுதவைக்கச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அன்று சாயங்காலமே டீலருக்கும் கம்பெனிக்கும் ஒரு மின்னஞ்சல் போகட்டும். டேஷ்போர்டில் விளக்கு எரிவதை, கிலோமீட்டரும் தெரியும்படி, பக்கத்து சீட்டில் இருப்பவர் போனில் படம் எடுக்கட்டும். கோபத்தில் வெளி மெக்கானிக்கிடம் விடவேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். வாரண்டி போச்சு என்று சொல்ல அவர்களுக்கு அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

“40,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் என்ன குறை?” என்று கட்டாயம் கேட்பார்கள். மாதத் தவணை கட்டுகிறவன் வண்டியைப் போர்த்தி வைத்துவிட்டு பஸ்ஸில் போவானா? ஆனால் அதை வாதத்தில் சொன்னால் மட்டும் போதாது. எந்தெந்தக் கிலோமீட்டரில் வண்டி நின்றது என்று ஓர் அட்டவணை போட்டு, புகார் மனுவோடு சேர்த்துவிடுங்கள்.

எங்கே தாக்கல் செய்வது என்பதில் பெரிய குழப்பம் இல்லை. வண்டிக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். கட்சிக்காரர் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். காலக்கெடு 2 வருஷம். இன்னொரு தடவை பார்த்துத் தருகிறோம் என்று அவர்கள் இழுத்துக்கொண்டே போனால் கெடு தானாக நீளும் என்று நம்பி உட்காராதீர்கள்.

டீலர், கம்பெனி இருவரையும் எதிர்த்தரப்பினராகச் சேருங்கள். சேர்ப்பதோடு நிற்காமல், கம்பெனி செய்த தவறு என்ன என்று தனிப் பத்தியில் எழுதுங்கள். பழைய மாடலைப் புதிது என்று டீலர் விற்ற வழக்கில், டாடா மோட்டார்சை 2021-ல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. காரணம், டீலர் செய்தது கம்பெனிக்குத் தெரியும் என்பதற்கு மனுவில் ஒன்றுமே இல்லை.

இனி நிபுணர் அறிக்கை. பெரும்பாலான கார் வழக்குகள் தோற்பது இங்கேதான். சோதனை செய்யாமல் கண்டுபிடிக்க முடியாத குறை என்றால் உரிய ஆய்வகத்துக்கு அனுப்ப அதே 2019 சட்டத்தின் 38-ஆம் பிரிவு வழிசெய்கிறது. அப்படி அனுப்பக் கேட்கும் மனுவை ஆரம்பத்திலேயே போடுங்கள். வண்டி பழசாகப் பழசாக, தேய்மானம் எது, பிறவிக் குறை எது என்று பிரிப்பது கஷ்டம். நிபுணருக்கான கேள்விகளையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். “உற்பத்திக் குறையா?” என்று மொட்டையாகக் கேட்டால் மொட்டையாகத்தான் பதில் வரும். ஒரே பாகத்தை ஏன் திரும்பத் திரும்ப மாற்றினார்கள், இன்ஜின் சூடேறிய பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தார் என்று கேளுங்கள். விட்டு விட்டு வரும் கோளாறு, ஒர்க்‌ஷாப் வாசலில் ஒரு சுற்று சுற்றினால் தலைகாட்டாது.

நிபுணர் இல்லாமலும் ஜெயித்த வழக்கு உண்டு. விபத்தில் கிரெட்டா காரின் ஏர்பேக் விரியவில்லை. கார் வாங்குகிறவர் இயற்பியல் நிபுணர் அல்ல, முன்பக்கம் மோதினால் பை விரியும் என்றுதான் நம்புவார் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் ஹூண்டாய்க்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதைப் பிடித்துக்கொண்டு கியர்பாக்ஸ் சத்தத்துக்கும் அதே சலுகை கேட்காதீர்கள். பாதுகாப்பு அம்சம் வேலை செய்யாதது வேறு, சத்தம் வேறு.

பரிகாரப் பத்தியில் கட்சிக்காரர் “புது வண்டிதான் வேணும்” என்று அடம்பிடிப்பார். வாரண்டியில் பாகத்தை மாற்றித் தருவதாகத்தான் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்று காரணம் காட்டி, வண்டியையே மாற்றச் சொன்ன உத்தரவை 2006-ல் மாருதி வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. அதனால் படிப்படியாகக் கேளுங்கள்: மாற்று வண்டி, இல்லாவிட்டால் வட்டியோடு பணம், அதுவும் இல்லாவிட்டால் பாகம் மாற்றி, வாரண்டியை நீட்டித்து, இழப்பீடு.

பணம் திரும்பக் கேட்கும்போது ஷோரூம் விலையோடு நிறுத்திவிடாதீர்கள். ஆயுள் வரி, இன்ஷூரன்ஸ், கடன் வட்டி எல்லாம் கணக்கில் வரவேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் பேங்க் பெயர் இருக்கும்; கடனை யார் அடைத்து 35-ஆம் படிவம் வாங்குவது, வண்டியை எந்தத் தேதியில் ஒப்படைப்பது, பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் எப்போது கையெழுத்துப் போடுவது என்பதையும் மனுவிலேயே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் தீர்ப்பு கையில் இருக்கும், வண்டியும் வாசலில் இருக்கும், தவணையும் ஓடிக்கொண்டிருக்கும்.