வெங்கச்சாங்கல்லும் அதன் உறவினர்களும்



தனிம அட்டவணையின் 14-ஆம் தொகுதியில் இயற்கையாகக் கிடைப்பவை ஐந்து: கரிமம், சிலிக்கன், ஜெர்மானியம், வெள்ளீயம், காரீயம். ஐந்தும் ஆக்சிஜனோடு ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் சேரக்கூடியவை. கணக்கு ஒன்றுதான்; குணம் வேறு.

கரிம அணு இரண்டு ஆக்சிஜன் அணுக்களை இரட்டைப் பிணைப்பால் பற்றித் தனி மூலக்கூறாகிவிடுகிறது. ஆகவே கரியமில வாயு காற்றில் திரிகிறது. சிலிக்கனோ நான்கு ஆக்சிஜன் அணுக்களைப் பிடிக்கிறது. ஒவ்வோர் ஆக்சிஜனும் இரு சிலிக்கன்களுக்குப் பொது. இப்படிக் கைகோத்த வலைதான் குவார்ட்சு.

என் ஊர் குப்பம். ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம் மூன்றும் கூடும் மூலை. வயல் வரப்பில் கிடக்கும் வெள்ளைக் கல்லை வெங்கச்சாங்கல் என்போம். அது குவார்ட்சுதான். எங்கள் பக்கத்துக் கிரானைட்டில் கண்ணாடித் துகளாக மின்னுவதும் அதுவே. மோஸ் அளவையில் அதன் கடினம் 7. கண்ணாடியைக் கீறும், சாதாரண அமிலங்களுக்குக் கரையாது.

ஜெர்மானியம் ஆக்சைடு அரிய கனிமம். ஒளியிழைக் கண்ணாடியில் சேர்ப்பார்கள். வெள்ளீய ஆக்சைடான காசிட்டரைட்டு, குவார்ட்சைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல் கனமானது. அதனால் மலேசியாவின் கிந்தா பள்ளத்தாக்கில் மணலை நீரில் அலசியே அதைப் பிரித்தார்கள். கரியோடு சேர்த்து உருக்கினால், கரிமம் தன் உறவினரிடமிருந்தே ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ளும், வெள்ளீயம் கிடைக்கும். காரீய ஆக்சைடுகளான மிருதார்சிங்கியும் சிவப்பு ஈயமும் மென்மையானவை, ஆனால் நஞ்சு. மலிவான குங்குமத்தில் சிவப்பு ஈயம் கலப்பதுண்டு. குழந்தைகளுக்கு வாங்கும்போது கவனம் தேவை.

கல்லாக இருக்கும்வரை குவார்ட்சு தீங்கற்றது. நுண்தூசியானால் நுரையீரலில் தங்கித் தழும்பாக்கும். இதுவே சிலிக்கோசிஸ், குணப்படுத்த மருந்து இல்லை. குப்பத்துக்கு அருகிலுள்ள கோலார் தங்கவயலில் தங்கம் குவார்ட்சு நரம்புகளில்தான் இருந்தது. அதை உடைத்தவர்களில் பெரும்பாலோர் வடஆற்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து போனவர்கள். 1940-களில் நடந்த மருத்துவ ஆய்வுகளிலேயே அவர்களில் ஏராளமானோரிடம் இந்நோய் காணப்பட்டது. சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. தூசி மட்டும் இடம் மாறியது. சமையலறை மேடைக்குப் பயன்படும் செயற்கைக் குவார்ட்சுப் பலகையில் 90 விழுக்காட்டுக்கு மேலும் சிலிக்கா இருக்கலாம். அதை வெட்டிய இளம் தொழிலாளர்கள் நோயுற்றதால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் அதைத் தடை செய்தது.

மேடையில் சமைப்பவருக்கு ஆபத்தில்லை. உலர்வாக வெட்டுபவருக்கே ஆபத்து. உங்கள் வீட்டில் கல் அறுக்கும் வேலை நடந்தால், நீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள். தூசி உறிஞ்சியும் தகுந்த முகக்கவசமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிள்ளைகளை அப்பால் வையுங்கள்.

பயிற்சி: பெரியவர் துணையோடு, ஒரு வெள்ளைக் கூழாங்கல்லால் பழைய கண்ணாடிக் குப்பியைக் கீறிப் பாருங்கள். கீறல் விழுந்தால் அது குவார்ட்சாக இருக்கலாம். விழாவிட்டால் அது வேறு கல், பெரும்பாலும் சுண்ணாம்புக்கல். ஏன் என்று எழுதுங்கள்.