அதிர்ந்த நிலமும் சரியும் மலையும்



2023ஆம் ஆண்டு பெப்ரவரி 10ஆம் நாள் நண்பகலில் புத்தல, வெல்லவாய பகுதிகளில் நிலம் அதிர்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். துருக்கியிலும் சிரியாவிலும் பெரும் பூகம்பம் நிகழ்ந்து அப்போது நான்கு நாட்களே ஆகியிருந்தன. ஈற்றில் 50,000க்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட அந்த அழிவின் காட்சிகளைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த நம் ஊவா மக்கள், "அடுத்தது நாம்தானோ?" என்று கலங்கியதில் வியப்பில்லை.

முதலில் அளவைப் புரிந்துகொள்வோம். துருக்கியில் பதிவானது 7.8. நமது பகுதியில் பதிவான அதிர்வுகளில் பெரியது 3.5. பாதியளவு என்று எண்ணிவிடாதீர்கள். இந்த அளவுகோலில் ஓர் எண் கூடினால் வெளிப்படும் சக்தி ஏறக்குறைய 32 மடங்காகும். அப்படிக் கணக்கிட்டால் துருக்கியின் அதிர்ச்சி நம்முடையதைவிடச் சுமார் 28 இலட்சம் மடங்கு பெரியது. புவியின் மேலோடு பெரும் தட்டுகளாகப் பிரிந்துள்ளது. அவை உராயும் ஓரங்களிலேதான் பெரும் பூகம்பங்கள் மிகுதி. நமது தீவு அத்தகைய ஓரத்திலன்றி, தட்டின் உட்புறத்தில் இருக்கிறது. பழைய பாறைப் பிளவுகள் எப்போதாவது சற்று அசைவதுண்டு, அவ்வளவே.

இது ஆண்டவரின் கோபமா என்றும் சிலர் கேட்கிறார்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து மாண்ட பதினெட்டுப் பேரும் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று எண்ணுவதை இயேசு மறுத்தார். அதற்குமேல் நான் சொல்ல என்ன இருக்கிறது?

ஆனால் நமது கண் வேறொரு பக்கம் திரும்ப வேண்டும். அந்த அதிர்வுக்குப் பின் ஐந்து வாரம் கழிந்து, மார்ச் 19ஆம் நாள், பூனாகலை கபரகலைத் தோட்டத்தில் லயங்கள்மீது மண் சரிந்தது. அதற்குக் காரணம் பூகம்பமன்று, மழை. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை லயங்களை மூடியதும் மழையில் ஊறிய மலைதான். பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பிவந்தபோது சிலருக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையிலும் பதுளை மாவட்டத்தில் எத்தனை உயிர்கள்!

மீரியபெத்தைக்கு முன்னரே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது, 2005இலும் 2011இலும். "சனம் கேட்கவில்லை" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். தமக்கென ஒரு பேர்ச் காணியும் இல்லாத குடும்பம், வேலையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் இருக்கும் தோட்டத்தை விட்டு எங்கே போகும்? எச்சரிக்கை வந்தது, போவதற்கு இடம் வரவில்லை. பாதுகாப்பான காணியும் வீடும் கேட்பது சலுகை கேட்பதன்று. இதைத் தோட்டத் தலைவர்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுப்ப வேண்டும்.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியதைச் செய்யுங்கள். நேரான பக்கமுள்ள ஒரு தகரப் பேணியை, கூரையோ மரமோ மறைக்காத இடத்தில் வையுங்கள். பேணியில் சேரும் நீரைப் பிள்ளையின் அடிமட்டத்தால் அளக்கலாம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் சேர்ந்தால் விழிப்பாயிருங்கள். 100 என்றால் வெளியேற ஆயத்தமாகுங்கள். 150 என்றால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 என்றால், இறங்கிவிடுங்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வைத்துள்ள அளவுகளே இவை. ஆனால் பேணியை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். நிலத்தில் வெடிப்பு, மூடாத கதவு, சாய்ந்த மரம், புதிதாகப் பீறிடும் கலங்கல் ஊற்று, திடீரென வற்றிய பீலி இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அளவு பாராமல் வெளியேறுங்கள். லயத்துக்கு மேலேயுள்ள கான்கள் அடைபட்டிருந்தால் ஒக்டோபர் மழைக்கு முன்பே வெட்டித் துப்புரவாக்கச் சொல்லுங்கள். தேங்கும் நீர்தான் மண்ணுக்குள் இறங்கி அதைத் தளரச் செய்கிறது.

இன்னுமொன்று. இரவில் எழுந்து ஓட நேர்ந்தால் எங்கே கூடுவது, நடக்கமுடியாத பாட்டியை யார் தூக்குவது என்பதை இன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் எல்லோரும் பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள்.