தெருப்பெயர் இல்லாத ஊரில் வீடு தேட

கிராமத்துக் காதுகுத்துப் பத்திரிகையில் ஊர், அஞ்சல், ‘வழி’ ஆகிய மூன்றுதான் இருக்கும். அதை மட்டும் நம்பிக் கிளம்ப வேண்டாம்.

அழைத்தவரிடம் வாட்ஸ்அப்பில் லொக்கேஷன் வாங்குங்கள். அவர் வீட்டில் இருக்கும்போது அனுப்பச் சொல்வது முக்கியம். சந்தையில் நின்று அனுப்பினால் நீங்களும் சந்தைக்குத்தான் போவீர்கள். கூகுள் மேப்ஸில் அந்த வட்டாரத்தை முன்னதாக இறக்கி வைத்தால், சிக்னல் போனாலும் கவலையில்லை.

வழி கேட்க ஏற்ற இடங்கள் டீக்கடை, ரேஷன் கடை, பால் சொசைட்டி. ஆதாரில் உள்ள பெயரைச் சொன்னால் பலர் விழிப்பார்கள். ஊரில் கூப்பிடும் பெயர், அப்பா பெயர், ‘மிலிட்டரிக்காரர் வீடு’ போன்ற அடையாளம் எல்லாவற்றையும் கேட்டு வையுங்கள். ‘இந்தப் பாதைதானே?’ என்று கேட்டால் மரியாதைக்கே தலையாட்டுகிறவர்கள் உண்டு. ‘எந்தப் பாதை?’ என்று கேளுங்கள். ‘பக்கம்தான்’ என்று பதில் வந்தால், நடந்தா வண்டியிலா என்றும் விசாரிப்பது நல்லது. அடையாளத்துக்குத் தண்ணீர்த் தொட்டி, கோயில், டிரான்ஸ்பார்மர் போதும். புளியமரத்தை நம்பாதீர்கள், சாலை அகலப்படுத்தியதில் போயிருக்கலாம்.

உங்கள் வீடே இப்படி ஓர் இடத்தில் இருக்கிறதா? அஞ்சல் துறை 2025-இல் கொண்டுவந்த டிஜிபின், 10 எழுத்து-எண்களில் சுமார் 4 மீட்டருக்கு 4 மீட்டர் இடத்தைச் சுட்டும். அதைக் குறித்து வைக்கலாம். ஆனால் 108-க்கு அழைத்தால் ஊர், ஒன்றியம், அருகிலுள்ள பள்ளி அல்லது கோயில் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். இவற்றை ஒரு தாளில் எழுதி வீட்டுச் சுவரில் இன்றே ஒட்டிவிடுங்கள்.